புள்ளியா, தூசியா: ஒரு டச் மானிட்டரோடு எட்டு மாதம்

"நெஞ்சு வலிக்கு எதுக்கும்மா பல் மருத்துவர்?" என்று கேட்டார் ஐயா. நான் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த புத்தகத்தின் ஆசிரியர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

கும்பகோணத்தில் அவர் வீட்டுக் கூடம். டீப்பாயின் மேல் என் கையடக்க மானிட்டர், லேப்டாப்போடு இணைத்துக்கொள்கிற டச் திரை. அதில் அவருடைய நினைவுக் குறிப்புகளின் 74ஆம் பக்கம். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து பல மருத்துவர்களிடம் காட்டிய கதை. திரையில் பார்த்தால் 'பல் மருத்துவர்களிடம்' என்றுதான் இருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேனே, எப்படி விட்டேன் என்று வயிற்றைக் கலக்கியது. லேப்டாப்பில் அதே வரியைப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, 'ல'வின் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது முறுக்குத் துணுக்கு. அம்மா, அதாவது ஐயாவின் மனைவி, காபியோடு வைத்த முறுக்கு. முந்தானை நுனியால் துடைத்ததும் பல் மருத்துவர்கள் பல மருத்துவர்கள் ஆனார்கள்.

டச் திரை என்றால் விரல் படும். விரல் பட்டால் எண்ணெய் படும், எண்ணெய் இருந்தால் தூசி ஒட்டும். தமிழில் தூசிக்கும் புள்ளிக்கும் தூரம் அதிகமில்லை. இந்தச் சாமானைப் பற்றி நான் பார்த்த எந்த விமர்சன வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்பவள். பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. பெரும்பாலும் சின்னப் பதிப்பகங்கள், சொந்தமாகப் புத்தகம் போடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். டிசம்பர் வந்தால் தூக்கம் கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்குள் எல்லாப் புத்தகமும் அச்சாக வேண்டும். புரூஃப் பார்ப்பதில்தான், அதாவது அச்சுக்கு முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவதில்தான், நேரம் போகும். பிடிஎஃப் அனுப்பினால் போனில் பார்க்க முடியவில்லை என்பார்கள். பிரின்ட் எடுத்து அனுப்பினால் கூரியரில் இரண்டு நாள், அவர்கள் கையெழுத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு நாள். நேரில் போய்விட்டால் ஒரே உட்காரலில் முடியும். ஆனால் என் 14 அங்குல லேப்டாப் முன்னால் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதிலும் எழுபத்தாறு வயதுத் தலைமையாசிரியரோடு.

ஒரு கணக்குப் போட்டேன். 320 பக்கப் புத்தகம், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்று 20 ஃபாரம். ஒரு தாளுக்கு ஒரு பக்கம் என்று ஏ4-இல் எடுத்தால் 70 ஜிஎஸ்எம் காகிதத்தில் கட்டு 1.4 கிலோ. பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 480 ரூபாய், மூன்று புரூஃபுக்கு 1,440. நான் வாங்கிய மானிட்டர் 16,500 ரூபாய். உறையோடு சேர்த்து எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டு புத்தகத்தில் காசு வந்துவிடும் என்று வீட்டில் சொல்லித்தான் அக்டோபரில் வாங்கினேன். இதே அளவில் டச் இல்லாதது 11,000-க்கே இருந்தது. டச்சுக்காக மட்டும் 5,500 கூடுதல். அந்த 5,500 எனக்கு வீண்தான், ஐயாவுக்கு வீணில்லை.

முதலில் டச்சை விட்டுவிட்டு, வெறும் திரையாக இது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். 15.6 அங்குலம், 1920க்கு 1080 பிக்செல், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிகிற ஐபிஎஸ் பேனல். இந்த வகையில் பாதிக்கு மேல் இதே கணக்குதான். படுக்கையாக வைத்தால் அகலம் முப்பத்து நாலரை சென்டிமீட்டர், உயரம் பத்தொன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்ப் புத்தகங்களுக்கு வழக்கமான டெமி அளவின் உயரம் இருபத்தொன்றரை. ஆகவே படுக்கையாக வைத்தால் முழுப் பக்கம் நிஜ அளவில் வராது. நிமிர்த்தி வைத்தால் ஒரு டெமிப் பக்கம் அச்சில் வரப்போகிற அதே அளவில் அப்படியே உட்கார்ந்து, மேலும் கீழும் இடமும் மிச்சம் இருக்கும். ஐயா முதல் தடவை அதைப் பார்த்ததும் தன் பழைய புத்தகம் ஒன்றைத் திரையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அளவு ஒத்துப்போனது. "அப்ப மார்ஜின் இவ்வளவுதானா?" என்று அன்றைக்கே இரண்டு மில்லிமீட்டர் கூட்டச் சொல்லிவிட்டார். காகிதத்தில் நடந்திருந்தால் அது மூன்றாவது புரூஃபில் வந்திருக்கும்.

ஆனால் நிமிர்த்தி வைக்க இதில் வழியே இல்லை. கூட வருவது காந்தம் ஒட்டிய மடக்கு உறை. அதை மடித்தால் படுக்கைவாட்டில் இரண்டு கோணத்தில் நிற்கும். வழுவழுப்பான டீப்பாயில் அதுவும் மெதுவாக வழுக்கிக்கொண்டே போய்ப் படுத்துவிடும். பாசஞ்சர் ரயிலில் மடியில் வைத்துப் பார்க்க முயன்று, தஞ்சாவூர் வருவதற்குள் மூன்று முறை பிடித்தேன். அப்புறம் பைக்குள் வைத்துவிட்டேன்.

தீர்வு ஐயாவின் பூஜை அறையிலிருந்து வந்தது. சிக்குப்பலகை. பாராயணத்துக்குப் புத்தகம் வைக்கிற, பெருக்கல் குறி போல விரியும் மரப்பலகை. "இதுல வெச்சுப் பாரும்மா" என்று அவரே எடுத்து வந்தார். நிமிர்த்திய மானிட்டர் அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. உச்சியில் தொட்டால் லேசாக ஆடும், அவ்வளவுதான். திரும்பி வந்து நானும் ஒன்று வாங்கினேன். இன்னொரு லாபமும் இருந்தது. நேராக நிற்கிற திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். சாய்த்து வைத்த திரையில் கை ஏடு புரட்டுகிற மாதிரி இயல்பாகப் போகிறது.

இனி டச்.

முதல் நாள் வீட்டில் இணைத்ததும் மானிட்டரில் விரலை வைத்தேன். லேப்டாப் திரையில் ஏதோ ஓடியது. மறுபடி தொட்டேன். அங்கே திறந்திருந்த கோப்பு மூடிக்கொண்டது. கை இங்கே, வலி அங்கே. விண்டோஸ் இரண்டு திரைகளில் எது டச் திரை என்று தப்பாக எடுத்துக்கொள்கிற பழைய வியாதி இது. கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் செட்டப் அழுத்தினால் ஒவ்வொரு திரையாக வெள்ளையாக்கி, தொடு என்று கேட்கும். டச் இல்லாத திரையில் கேட்டால் என்டர் தட்டிவிட்டு, அடுத்ததில் தொட வேண்டும். இரண்டு நிமிட வேலை. எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகூட இல்லை, ஏனென்றால் மேக் இயங்குதளத்தில் டச் திரைக்கு ஆதரவே கிடையாது. தனியாக ஒரு டிரைவர் தேடிப் போட வேண்டும். அட்டை வடிவமைக்கும் என் தோழி மேக்காரி. "எனக்கும் ஒண்ணு சொல்லேன்" என்றாள். டச் இல்லாததை வாங்கச் சொன்னேன்.

சரி, கும்பகோணத்துக்கு வருகிறேன். முதல் அமர்வில் லே-அவுட் கோப்பையே மானிட்டரில் திறந்து வைத்தேன். தப்பு. ஐயா ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டத் தொட்டார், விரலை எடுக்காமல் அடுத்த சொல்லுக்கு நகர்த்தினார். அந்தப் பக்கத்தின் எழுத்தெல்லாம் அடங்கிய சட்டகம் முழுவதும் விரலோடு கூடவே போய்விட்டது. பெரிதாகப் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு மில்லிமீட்டர்தான். வீட்டுக்கு வந்து 112ஆம் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. இன்னும் எத்தனை பக்கத்தில் இப்படியோ என்று 320 பக்கத்தையும் உட்கார்ந்து சரிபார்த்தேன்.

அடுத்த முறை மானிட்டரில் பிடிஎஃப் மட்டும், லேப்டாப்பில் என் கோப்பு என்று பிரித்துவிட்டேன். அவர் பார்ப்பது தனி, நான் திருத்துவது தனி. அழகான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். ஆனால் கணினிக்கு நாங்கள் இரண்டு பேர் என்பது தெரியாது. திரை இரண்டானாலும் கவனம் ஒன்றுதான் அதற்கு. நான் இங்கே 'தஞ்சாவூர்' என்று அடித்துக்கொண்டிருப்பேன். 'தஞ்' வரை வந்திருக்கும். அவர் அங்கே பக்கத்தைத் தள்ளுவார். அவ்வளவுதான், மிச்ச 'சாவூர்' பிடிஎஃப் பக்கம் போய் விழும். அங்கே அந்த விசைகளுக்கு வேறு அர்த்தம். பக்கம் தாவும், பெரிதாகும், தேடல் பெட்டி திறக்கும். "நான் ஒண்ணும் பண்ணலையேம்மா" என்பார். அவர் ஒன்றும் பண்ணவில்லைதான்.

அப்புறம் அவருடைய விரல். வருடக்கணக்கில் விடைத்தாள் திருத்திய விரல் அது. பக்கம் புரட்டும் முன் தானாக நாக்கைத் தொட்டுவிட்டு வரும். இந்த வகைத் திரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற மின்புலத்தை விரல் கலைப்பதைத்தான் பார்க்கிறது. ஈரமும் அதே போலக் கலைக்கும். ஈர விரல் பட்டால் ஒரு பக்கம் தள்ள நினைத்து நான்கு பக்கம் போவதும், தொடாத இடம் பெரிதாவதும் சாதாரணம். சொல்லத் தயங்கினேன். அம்மாதான் உள்ளிருந்து, "அது கண்ணாடி, காயிதம் இல்ல" என்று குரல் கொடுத்தார்.

மூன்றாவது அமர்வில் ஒரு வழி பிறந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா உண்டு. பிளாஸ்டிக் மூடி. ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த மூடி முனையால் திரையைத் தொட்டுக் காட்டினார். எதுவும் நகரவில்லை. பிளாஸ்டிக் அந்த மின்புலத்தை ஒன்றும் செய்யாது. அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டோம்: காட்டுவதற்குப் பேனா மூடி, நகர்த்துவதற்கு விரல், நகர்த்துவதற்கு முன் "தள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை. இவ்வளவு காசு கொடுத்து டச் வாங்கிவிட்டு, டச் ஆகாமல் இருக்க உபாயம் தேடியிருக்கிறேன்.

ஆனாலும் டச் ஏன் இருக்கட்டும் என்கிறேன் என்றால், மவுஸ் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அம்புக்குறி எங்கே என்று தேடியே கண் களைத்துவிடும். இரண்டு விரலை விரித்தால் எழுத்து பெரிதாகிறது என்பதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கண்புரை அறுவை முடிந்த கண். சந்தேகம் வருகிற இடத்தில் அவரே விரித்துப் பார்த்துக்கொள்கிறார், 'ன'வா 'ண'வா என்று. நிஜ அளவில் இந்தத் திரையில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ இரண்டு, மூன்று பிக்செல்தான். விரித்தால்தான் அது புள்ளி, இல்லையென்றால் முறுக்கு.

டேப்லெட் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டார்கள். இதே காசுக்கு வருகிற டேப்லெட் பத்து, பதினோரு அங்குலம். அதில் தெரிவது நேற்று ராத்திரி நான் ஏற்றிய பிடிஎஃப். ஐயாவுக்குத் தான் சொன்ன ஒற்று தன் கண்ணெதிரே ஏறுவதைப் பார்க்க வேண்டும். "போட்டாச்சா? காட்டு." நான் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி பிடிஎஃப் ஆக்கி அங்கே திறந்தால், தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். அந்தத் தலையாட்டலுக்கு மெயிலில் ஒரு வாரம் ஆகும்.

ஒயர் விஷயத்தில் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். என் லேப்டாப்பில் டைப்-சி வழியாகவே படமும் மின்சாரமும் போகும். ஒரே ஒயர். டச் தகவலும் அதிலேயே திரும்பி வரும். பெட்டியோடு வந்த ஒயரை ரயிலில் விட்டுவிட்டேன். ஒரு மொபைல் கடையில் கேட்டேன். "எல்லா டைப்-சியும் ஒண்ணுதான்கா" என்று 250 ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார். மானிட்டரில் விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. எல்லாம் ஒன்றில்லை. போன் சார்ஜர் ஒயரில் படத்தைச் சுமக்கிற கம்பிகளே இருக்காது, வெளியே பார்த்தால் ஒரே முகம். வாங்கும்போது வீடியோ போகுமா என்று கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் ஓட்டையும் அப்படித்தான். டைப்-சி இருப்பதாலேயே படம் வந்துவிடாது, பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள். படம் அனுப்பாத டைப்-சி என்றால் மினி எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று படத்துக்கு, யுஎஸ்பி ஒயர் ஒன்று டச்சுக்கு, அந்த யுஎஸ்பியில் மின்சாரம் போதாமல் திரை அணைந்து அணைந்து எரிந்தால் மூன்றாவதாக ஒரு சார்ஜர். மூன்று ஒயர் தொங்குகிற பொருளைக் கையடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்சாரம் போனால் கதை வேறு. இதற்குச் சொந்தமாகப் பேட்டரி கிடையாது, லேப்டாப்பின் பேட்டரியைத்தான் உறிஞ்சும். என்னுடையதன் கொள்ளளவு 50 வாட்-அவர். எழுத்து வேலை மட்டும் செய்தால் பத்துப் பன்னிரண்டு வாட் என்று நாலு மணி நேரம் ஓடும். மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் அது ஒரு எட்டு வாட் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் காலையில் கும்பகோணத்தில் கரன்ட் போய், இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் அம்மாவின் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டோம். வெளிச்சத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும், ஆனால் கூட்டி வைத்தாலே அது பெரிய வெளிச்சம் இல்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தால் தெருவில் போகிற சைக்கிள் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. டச்சுக்காக மேலே போட்டிருக்கிற கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடிதான். கூடத்திலும் மின்விசிறி பிரதிபலிக்காத இடமாகத் தேடி உட்கார வேண்டும்.

நிறத்தை இதில் நம்பாதீர்கள். ஐயாவின் புத்தக அட்டை குங்குமச் சிவப்பு. இதில் செங்கல் நிறமாகத் தெரிந்தது. "கொஞ்சம் வெளுத்தாப்ல இருக்கேம்மா" என்றார், நானும் அங்கேயே ஏற்றிவிட்டேன். வீட்டு மானிட்டரில் பார்த்தால் கண்ணைக் குத்தியது. அச்சுக்குப் போவதற்கு முன் பார்த்தது அதிர்ஷ்டம். கறுப்பு வெள்ளை எழுத்துக்கு மட்டும்தான் இப்போது இதைத் திறக்கிறேன். ஸ்பீக்கர் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கும்.

பைக்குள் வைக்கும்போதுதான் எனக்கு இன்னமும் பயம். இவ்வளவு மெல்லிசு, ஒரு டிபன் பாக்ஸின் மூலை பட்டால் போதும். கூட வந்த உறை வெறும் துணிதான். பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சை அட்டை ஒன்றை வாங்கித் திரைக்கு மேல் வைத்து உறையை மூடுகிறேன். அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. கிளிப்பை மட்டும் கழற்றிவிட வேண்டும்.

டச்சை நான் எனக்காக எத்தனை முறை பயன்படுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தால் கை விரல் போதும். கீபோர்டில் கை இருக்கும்போது எட்டிப் போய்த் திரையைத் தொட யாருக்குத் தோன்றும்? ஆசிரியர்களுக்கு எதிரே உட்காராமல் வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் அந்த 5,500 ரூபாயை மிச்சம் பிடித்து நல்ல நிறம் காட்டும் பேனலாக வாங்குங்கள்.

ஐயாவின் புத்தகம் ஜனவரியில் வந்துவிட்டது. கடைசிப் புரூஃபைக் காகிதத்தில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்து, 20 ஃபாரத்தையும் பிரின்ட் எடுக்க வைத்தார். அதில் ஏழு பிழை கண்டுபிடித்தார். திரையில் நாங்கள் இருவரும் விட்ட ஏழு. போன வாரம் போன் செய்தார், அடுத்தது தயாராம். முறுக்கையும் நினைவுபடுத்தினார்.

"அந்தப் பலகைய மறக்காம எடுத்துட்டு வந்துரும்மா. பேனா மூடி எங்கிட்ட இருக்கு."